தண்ணீருக்குள் ஒரு வரப்பு

இந்தக் கதையில் வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலைக் கவனியுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

மேலக்கரம்பையில் செங்கமலம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துச் சம்பா நட்டாள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நிலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுவரப்பு, பாதி தூரத்தில் ஓரிடத்தில் நண்டு வளையால் ஒழுகிக்கொண்டே இருந்தது. அடைத்து அடைத்துச் சலித்துப்போனவள், நடவுக்கு முன்பே அந்தப் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, அதைச் சுற்றி வில்போல வளைத்துப் புது மண் போட்டாள். பயிரும் பச்சைப்பசேலென்று வந்தது. கார்த்திகை மழை மொத்தத்தையும் மூழ்கடித்தது. வரப்பு எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு.

பயிர் இழந்தவர்களுக்கு அரசு இடுபொருள் மானியம் அறிவித்தது. இந்தப் பருவத்தில் பயிரிட்டவருக்கே அது சேரவேண்டும் என்பது உத்தரவு. கைக்கு வந்தால் தையில் உளுந்து தெளிக்கலாம், வராவிட்டால் பனியன் கம்பெனிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். செங்கமலத்தின் நிலைமை அப்படி.

வருவாய் ஆய்வாளர் ரஹ்மத் பேகம் பார்வையிட வந்த அன்று, செங்கமலத்துக்கு முன்பே இரண்டு பேர் அங்கே நின்றார்கள். நிலத்துக்காரர் வைத்திலிங்கம் டவுனிலிருந்து காரில் பட்டாவோடு வந்திருந்தார். போன வருஷம்வரை அந்த நிலத்தை உழுத சிங்காரவேலு, யார் பயிரிட்டார் என்று காட்டும் அடங்கல் பதிவேட்டில் தன் பெயர் இன்னும் மாறாததால், அதன் நகலோடு வந்திருந்தார். நான்தான் நட்டேன் என்று மூவரும் சொன்னார்கள்.

"இத்தன நாளும் ஒங்க கண்ணு முன்னாலதான கெடந்து பாடுபட்டேன்?" என்று செங்கமலம் ஊராரைக் கேட்டாள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வைத்திலிங்கத்திடம் ஆளுக்கொரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

ரஹ்மத் பேகம் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். "நடுவரப்பு மேலயே போயி, அந்தக் கோடியிலேருந்து ஆளுக்கு ஒரு பிடி பயிரு புடுங்கிட்டு வாங்க" என்றார்.

வைத்திலிங்கம் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். முதல் அடியிலேயே சேறு அவர் காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். சிங்காரவேலு மளமளவென்று நடந்தார். பாதி தூரம்வரை கணுக்கால்தான் நனைந்தது. அதே நேர்கோட்டில் அடுத்த அடியை வைத்தார், தொபுக்கென்று தொடையளவு தண்ணீரில் விழுந்தார். செங்கமலம் கடைசியாகப் போனாள். அவர் விழுந்த இடத்துக்கு வந்ததும், குனிந்துகூடப் பார்க்காமல் இடப்பக்கம் திரும்பி நடந்தாள், கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் வளைந்தாள். கோடிவரை போய், அழுகிய பயிர் ஒரு பிடியோடு திரும்பி வந்தாள். கணுக்காலுக்கு மேலே புடவையில் ஈரமில்லை.

ரஹ்மத் பேகம் பேனாவைத் திறந்தார்.

யார் பெயரை எழுதினார்? பாதி வழி பிசகாமல் நடந்த சிங்காரவேலுவின் பேச்சை எதை வைத்துத் தள்ளினார்?

விடை: செங்கமலத்தின் பெயரைத்தான் எழுதினார். சிங்காரவேலு போன வருஷத்து வரப்பில் நடந்தார். இந்த வருஷத்து வளைவு, மண் சுமந்து அதைப் போட்டவளின் காலுக்குத்தான் தெரியும். மானியம் வந்தது. தையில் உளுந்து தெளித்த அன்று, தலையைக் குனிந்தபடி அந்தப் பக்கம் போன சிங்காரவேலுவைச் செங்கமலம் ஊரே கேட்கக் கூப்பிட்டாள்: "அண்ணே, தண்ணி வடிஞ்சிருச்சு! வாங்க, புது வரப்பக் காட்டுறேன்!"