கறுப்புக் கண்ணாடியும் ஒரு நோட்டும்

மலையடிவாரத்துல ஒரு மடம். மொத்தம் நாப்பது பேரு. தலைவி தவமணி அம்மா, ஒரு காலத்துல காலேஜ்ல கணக்கு சொல்லிக்கொடுத்தவங்க. அவங்ககிட்ட பாடம் கேட்டவங்கள்லயே கோதண்டம்தான் கெட்டிக்காரன். அப்படின்னு கோதண்டமே சொல்லிக்குவான்.

அந்த மாசம் மடத்துக்குள்ள மெட்ராஸ் ஐ புகுந்துடுச்சு. முதல்ல சிவந்தது, புதுசா வந்த சமையக்காரி செங்கமலத்தோட கண்ணு.

கோதண்டம் நோட்டைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். தினமும் விடிஞ்சதும் எல்லாரையும் வரிசையா நிக்க வைப்பான். பாத்தாலே தொத்திக்கும்னு அவனுக்குப் பயம், கறுப்புக் கண்ணாடி வேற மாட்டிக்குவான். அதுக்குள்ளேர்ந்து சிவப்பு தெரியணுமே? கீழ் இமையை நல்லா இழுத்துப் பாப்பான். குறிச்சுக்குவான். அடுத்த ஆளு.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இரட்டிக்குது அம்மா. ஒண்ணு, ரெண்டு, நாலு. நாளன்னிக்கு எட்டு வரும், பாருங்க!"

எட்டேதான் வந்துச்சு. கோதண்டத்துக்குத் தலைகால் புரியலை.

ஆனா ஒண்ணு உறுத்துச்சு. நாலு ஆனப்பவே செங்கமலத்தை விறகுக் கொட்டாயில தனியா வச்சாச்சு. அவ கண்ணும் தெளிஞ்சுடுச்சு. அப்புறமும் ஏன் ஏறுது?

"யாரும் பாக்காதப்ப உள்ள வந்து போறா அம்மா."

"நீ பாத்தியா?"

"பாக்கலையே. அதான் சந்தேகம்."

கொட்டாய் வாசல்ல கோலமாவு தூவி வச்சான். ஒரு காலடியும் விழலை.

"தாண்டி வர்றா," ன்னான்.

"அவ என்ன சொல்றா?"

"எங்கயும் வரலை அண்ணேங்கிறா. எந்தத் திருடன் ஒத்துக்கிட்டான்? நாளைக்கு மத்தியான பஸ்ல ஏத்தி விட்டுருவோம். இல்லைன்னா பதினாறு, முப்பத்திரண்டுன்னு போய்க்கிட்டே இருக்கும்."

"போக்கிடம் இல்லாம வந்தவப்பா அவ."

"மத்த முப்பத்தொம்பது பேருக்கும் கண்ணு இருக்கே அம்மா!"



"காலைல என் கண்ணை முதல்ல பாரு. அப்புறம் பஸ்ஸைப் பத்திப் பேசுவோம்."

கஞ்சி மணி அடிக்கிற வரைக்கும் அந்த மடத்துல தினமும் மௌன விரதம். மறுநாளும் அப்படித்தான். கோதண்டம் அம்மா இமையை இழுத்தான். சிவப்பு இல்லை. அடுத்த ஆளு. அடுத்த ஆளு. வரிசையில ஒருத்தரு சிரிப்பை அடக்க முடியாம நெளிஞ்சாரு. செங்கமலத்தோட சேத்து அவர் மேலயும் ஒரு சந்தேகம் போட்டு வச்சான் கோதண்டம்.

கடைசியில கூட்டிப் பாத்தான். பதினாறு! சொன்னபடியே பதினாறு!

மணி அடிச்சுது. அவ்வளவுதான், கூடமே கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது.

"கண்ணாடியைக் கழட்டு கோதண்டம்," ன்னாங்க அம்மா.

கழட்டினான்.

அம்மாவோட கீழ் இமையில விளக்கெண்ணெய்ல குழைச்ச மை, தடியா. பக்கத்துல இருந்தவருக்கு ரெண்டு கண்ணுக்குக் கீழயும் அதே மை, அட்டைக்கரியா. அடுத்தவருக்கும். வரிசையில போகப் போக வெளுத்து, கடைசி ஆளுக்கு லேசா, புகை பட்ட மாதிரி.

கஞ்சி வாங்க வந்த செங்கமலம் தட்டோட வாசல்லயே நின்னா. அவ முகத்துல மட்டும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

கோதண்டம் தன் கட்டைவிரலைப் பாத்தான். நோட்டைப் பாத்தான். நோட்டு ஓரமெல்லாம் மை.

"நான் தாண்டி வரலை அண்ணே," ன்னா செங்கமலம்.



"அப்ப என் கணக்கு தப்பா அம்மா?"

"இவளைத் தனியா வச்ச அப்புறமும் சொன்னது சொன்னபடி வந்துக்கிட்டே இருந்துச்சே. அதான் எனக்குச் சந்தேகம்."

அவன் நோட்டை அம்மா காலடியில வச்சான்.

"இனிமே எண்ண மாட்டேன்."

அம்மா அதை எடுத்து அவன் கையிலயே திருப்பிக் கொடுத்தாங்க. செங்கமலத்தை உள்ள கூப்பிட்டாங்க.

"எண்ணாம எப்படிப்பா தெரியும்? எண்ணு. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல இவ தண்ணி ஊத்துவா. கையைக் கழுவிட்டு எண்ணு."