தவராசா பொரித்த மீன்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்துமூன்று.

நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே மீன் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் சால்மன் வெட்டி ஓய்வு பெற்றவர் குணபாலசிங்கம். எத்தனை ஆயிரம் மீனை அறுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றைக்கூடச் சமைத்ததில்லை. ஒருநாள் அந்த ஊர் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரி தர்மினியின் முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, எனக்கு ஒரேயொரு மீன் பழக்கிவிடு."

"என்ன மீன் அங்கிள்?"

"சால்மன்தான். மேல பளபளவெண்டு ஒரு பாகு பூசியிருக்கும். இனிப்பு, உப்பு, உறைப்பு மூண்டும் ஒண்டா வரும். தவராசா செய்யிற மாதிரி."

நோர்வேக்கு வந்த புதிதில் குணபாலசிங்கம், தவராசா உட்பட நாலு பேர் ஒரே அறையில் கிடந்தார்கள். வெளியே இடுப்பளவு பனி. ஊரிலிருந்து கடிதம் வர ஒரு மாதம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், தொழிற்சாலையில் கழித்துவிட்ட துண்டுகளைக் கொண்டுவந்து தவராசா பொரிப்பான். வாசம் கிளம்பினால் போதும், நாலு பேரும் அழுகையை மறந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள். அத்தனை சந்தோஷமாகக் குணபாலசிங்கம் அதற்குப் பிறகு இருந்ததில்லை. அவருடைய கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அவர் பாகுக்கு என்ன போட்டவர்?"

"ஆருக்குத் தெரியும்? முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதான் சமைப்பான். கள்ளன்."

"அவரிட்டையே கேக்கலாமே?"

"நாங்கள் கதைக்கிறேல்லை."

இது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஊரில் தமிழர் நூற்றிருபது பேர், சங்கம் இரண்டு. விளையாட்டுப் போட்டியில் மைக்கை யார் பிடிப்பது என்று தொடங்கிய சண்டையில் நண்பர்கள் இருவரும் முகத்தைத் திருப்பி இருபத்தொரு வருடம் ஆகிறது. அதில் லாபம் தர்மினிக்குத்தான். சின்ன வயதில் இரண்டு சங்கத்திலும் சாக்கு ஓட்டம் ஓடி இரண்டு கோப்பை வாங்கியவள் அவள்.

முதல் சனிக்கிழமை பாடம் தொடங்கியது.

"ஈரம் இல்லாமல் ஒத்தி எடுங்கோ. தோல் பக்கம் கீழ. சும்மா சும்மா பிரட்டப்படாது. பாகு கடைசியில்தான். முந்திப் பூசினால் சீனி கருகிப்போகும்."

மண்ணிறச் சீனி, சோயா சோஸ், இஞ்சி, மிளகாய்த்தூள். குணபாலசிங்கம் வாயில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்லை."

அடுத்த கிழமை தேன் ஊற்றினாள். அதுவும் இல்லை. மூன்றாம் கிழமை புளியும் பனங்கட்டியும் கரைத்தாள்.

"பனங்கட்டிக்கு அந்த நாளில நாங்கள் எங்க போறது பிள்ளை?"

நான்காம் கிழமை ஆரஞ்சுத் தோடம்பழ ஜாமைச் சோயா சோஸில் போட்டுக் காய்ச்சினாள். ஒரு துண்டுதான் தின்றார். கண் கலங்கிவிட்டது.

"கிட்ட வந்திட்டுது. ஒண்டேயொண்டுதான் குறையுது. கெதியாக் கண்டுபிடி பிள்ளை."

"ஏன் இவ்வளவு அவசரம்?"

குணபாலசிங்கம் ஏற்கனவே சுத்தமாயிருந்த பலகையைத் துடைத்தார்.

"அவன் மகளிட்டக் கனடாவுக்குப் போறானாம். வாற ஞாயிறு. இனி வரமாட்டானாம்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. போகட்டும். அந்த ருசி என்ர கையில இருந்தால் எனக்குக் காணும்."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். தர்மினி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்தாள். ஐந்தாவது பாடம் இப்போதே தொடங்குகிறது என்று நினைத்து அவர் சட்டியை அடுப்பில் வைத்தார். அவள் அடுப்பை அணைத்தாள். மீனைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"எனக்கு இந்த மீன் தெரியாது அங்கிள். தெரிஞ்சவர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இஞ்சதான் இருக்கிறார்."

அவர் பொதியைப் பிடித்தபடி நின்றார். தாளைத் தாண்டிக் குளிர் விரலில் ஏறியது.

"இருபத்தொரு வருசம். போய் என்னெண்டு தொடங்கிறது? அவன் கதவைத் திறக்காட்டி?"

தர்மினி அவர் கட்டியிருந்த சமையல் கவசத் துணியின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டாள்.

"பச்சை மீன் அங்கிள். கனநேரம் கையில வைச்சிருக்கேலாது."