ஒன்பது போர்டுக்கு ஒன்பது விதி

“ஒன்பது போர்டுக்கும் ஒன்பது விதி எழுதியிருக்கேன் மேடம். அப்புறமும் ஏன் இப்படி ஆகுது?”

கேட்டவர் தணிகாசலம். வயசு நாற்பத்தொன்பது. சீடர்.

நசீமாவுக்கு இருபத்தேழு. குரு.

ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவர்கள் பட்டறை. செய்வது ஒரே பொருள்: தடுப்பூசி ஃப்ரிட்ஜ் எப்போது குளிர்ந்தது, எப்போது சூடானது என்று மணியோடு குறித்துவைக்கும் பெட்டி. உள்ளே ஒரு போர்டு. போர்டில் ஒரு கடிகாரச் சிப். கரண்ட் போனாலும் அது ஓட ஒரு பட்டன் பேட்டரி.

அந்தக் கடிகாரத்தோடு பேசுகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். எழுதியது தணிகாசலம், போர்டு வகைக்கு ஒரு விதியாக.

ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. அதன் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

கொண்டுவந்த நர்ஸ் பிலோமினா எதிரே உட்கார்ந்திருந்தார். மலைமேல் இருக்கும் சுகாதார நிலையம். நாலு மணி பஸ்ஸை விட்டால் நாளைக்குத்தான்.

“கரண்ட் போச்சு, வந்துச்சு. எவ்வளவு நேரம் போச்சுன்னு பெட்டியைப் பார்த்தா, ரெண்டாயிரமாவது வருஷம் ஜனவரி ஒண்ணுங்குது. நாற்பது குழந்தைக்கு வெச்சிருந்த மருந்து சார். கெட்டுச்சா இல்லையான்னே தெரியாம கொட்டினேன். திங்கக்கிழமை புது மருந்து வருது. அதையும் கொட்டச் சொல்றீங்களா?”

தணிகாசலம் தலையைத் தூக்கவில்லை.

“இது என்ன போர்டு சார்?” என்றார் நசீமா.

“மூணு-பி. கண்ணை மூடிட்டுச் சொல்வேன். மூணு-பின்னா சார்ஜ் ஏறுற பேட்டரி, அதனால ஏத்தச் சொல்லியிருக்கேன். நாலுன்னா ஏத்தக் கூடாது. ஆறுல அலாரம் கிடையாது. எல்லாம் மனப்பாடம்.”

“கண்ணைத் திறந்து சொல்லுங்க.”

தணிகாசலம் பேட்டரியைப் பார்த்தார். சார்ஜ் ஏற்றக் கூடாத சாதா பேட்டரி; ஏற்றியதில் உப்பிச் செத்து, கடிகாரமும் நின்றிருக்கிறது. போர்டு விற்றவன் பேட்டரியை மாற்றியிருக்கிறான், பெயரை மாற்றவில்லை.

“சரி. பழைய மூணு-பி, புது மூணு-பின்னு பத்தாவதா ஒரு விதி போட்டுடறேன்.”

“போடுங்க.”

“மறுபடியும் மாத்தினான்னா?” தணிகாசலமே கேட்டுக்கொண்டார்.

நசீமா பிளேடை எடுத்தார். அலமாரியில் இருந்த போர்டுகளில் பெயர் ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார்.

“மேடம்! என்ன பண்றீங்க? எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கடைசி ஸ்டிக்கரையும் உரித்தார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிக் கலக்கினார்.

“போச்சு,” என்றார் தணிகாசலம். “ஆறு மாச வேலை.”

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்கா சார் இவ்வளவு? எங்க மலையில ஏழு சின்னத்தாயி இருக்கா. பேரைக் கேட்டுட்டா ஊசி போடறேன்? அட்டையை வாங்கிப் பார்ப்பேன். எது போட்டாச்சு, எது ஒத்துக்காது, எல்லாம் அதுல இருக்கும்.”

“அட்டை யார்கிட்ட இருக்கும்?” நசீமா கேட்டார்.

“குழந்தையோடவே வரும்.”

தணிகாசலம் தட்டில் கைவைத்தவர் அப்படியே நின்றார்.

“அட்டை இல்லாம வந்தா?” இதைக் கேட்டது தணிகாசலம்.

“கண்டதையும் குத்த மாட்டேன்.”

தணிகாசலம் உட்கார்ந்தார். ஒன்பது விதிகளையும் அழித்தார். டீ வந்தது, ஆறிப்போனது.

டிரைவரில் இப்போது போர்டைப் பார்த்துக் கேட்க இரண்டு கேள்விதான் இருந்தது. சார்ஜ் ஏற்றலாமா? அலாரம் உண்டா? பதில் வராவிட்டால் எதையும் செய்யாதே.

தட்டிலிருந்து கைக்கு வந்த ஒரு போர்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: சார்ஜ் ஏற்றக் கூடாதது. அலாரம் கம்பியை விரலால் தேடினார். பார்த்ததை மட்டும் அந்தப் போர்டின் நினைவகத்திலேயே எழுதிவைத்தார். அதுதான் அதன் அட்டை.

பிலோமினாவின் பெட்டியில் மாட்டி, மணியைச் சுவர்க் கடிகாரத்தோடு சரிசெய்தார். பேட்டரிக்குப் போகும் வழியில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். ஒரு துளி சார்ஜ்கூட ஏறவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். மறுபடி செருகினார்.

பெட்டியில் மூணு இருபத்தாறு. சுவரிலும் மூணு இருபத்தாறு. கரண்ட் போன நேரம், வந்த நேரம், இரண்டும் பதிந்திருந்தன.

பிலோமினா செருப்பைத் தேடினார்.

“இது என்ன போர்டு சார்?” என்றார் நசீமா.

“தெரியாது மேடம்.”

நசீமா பெட்டியை எடுத்துப் பிலோமினா கையில் கொடுத்தார்.

“ஓடுங்க சிஸ்டர், பஸ் போயிடும்.”