தோட்டுத் திருகாணி மாதிரி ஒண்ணு

இந்தக் கதைய நானே பல வருஷமா முழுசா நம்பல, இனியா. பாதி கண்ணால பாத்தது. மீதி ஒருத்தி சொல்லிக் கேட்டது. அந்த மீதியிலதான் சந்தேகம். இருந்தாலும் சொல்றேன். நீ ஒரு தூக்கம் போட்டு எழுந்தாத்தான் சாயங்காலம் குட்டிக் கார் ரேஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு உங்கம்மா உத்தரவு. கன்ட்ரோலரக் கீழ வைக்க மாட்டியா? சரி, கட்டிப் பிடிச்சுக்கிட்டே படு. இன்னொரு கையில என்ன?

"ஒண்ணுமில்ல மாமா."

ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இவ்வளவு இறுக்கி மூடியிருக்க? சரி விடு. கண்ண மூடு, காதத் திற.

ஒரு ஊர்ல ஒரு மேசை. மேசை மேல ஒரு ரோடு. எட்டு போட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. ம் சொல்லு.

"ம்."

ரோட்டுல நீளமா ரெண்டு கோடு, கத்தியால கீறின மாதிரி பள்ளம், காருக்கு ஒண்ணு. குட்டிக் காரோட வயித்துல ஒரு ஆணி. ஆணி அந்தப் பள்ளத்துக்குள்ள. அதனால ஸ்டீயரிங்கே வேண்டாம். கையில இருக்கற கன்ட்ரோலரோட விசைய அமுக்கினா கார் ஓடும், விட்டா நிக்கும். வளைவுல ரொம்ப அமுக்கினா?

"பறக்கும்!"

பறக்கும். அந்த மேசை போத்தனூர் ரயில்வே காலனியில டெஸ்மண்ட் அங்கிள் வீட்டுல இருந்துச்சு. ரயில்வேல கரண்ட் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஞாயித்துக்கிழமையானா காலனிப் பசங்க எல்லாம் அங்கதான். அவர் வச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு. பத்து சுத்து ஓட்டணும். மூணு தடவ கார் வெளிய பாஞ்சா, பத்து வயசு ஆனப்புறம் வான்னு அனுப்பிடுவார். பத்து சுத்தும் முடிச்சா, சுவத்துக் கரும்பலகையில பேர் எழுதுவார். பேர் ஏறிட்டா வாராவாரம் வரலாம்.

அப்போ அந்தக் காலனியில ஒரு சிட்டு இருந்தா. ஏழு வயசு. அவளுக்கு அந்தப் பலகையில பேர் வரணும். சோறு வேண்டாம், பேர் வேணும்னு அழுதா. அவளுக்கு ஒரு அண்ணன்காரன். பதினேழு வயசு. எதையும் பத்து தடவ யோசிக்கறவன்.

"அண்ணன்காரன் நீதானே மாமா?"

நீ ம் மட்டும் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன்காரன் அவளக் கூட்டிட்டுப் போனான். டெஸ்மண்ட் அங்கிள் ஒரு பிஸ்கட் டப்பாவ எடுத்து வச்சார். உள்ள மூணு கன்ட்ரோலர். "என்ன மேன், உன் தங்கச்சி கை உனக்குத்தான் தெரியும். நீயே பாத்து எடு"ன்னார்.

முதல்ல ஒண்ணு எடுத்தான். துப்பாக்கி மாதிரி, நல்லா பெருசு. பாக்க ஜோரா இருந்துச்சு. ஆனா சிட்டு பிடிச்சா விரல் விசைக்கே எட்டல. ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லக் கடிச்சு ஒரு அமுக்கு. உள்ள ஸ்பிரிங்கு முரடு. அமுங்கினா மொத்தமா அமுங்குது. கார் ஸ்ர்ர்ர்ர்... டமால்! கதவுக்குப் பின்னாடி போய் விழுந்துச்சு.

ராபின்னு ஒரு பையன், வாய் நீளம். "ஐயோ, பாப்பா கார் வீட்டுக்குப் போயிடுச்சு, பாப்பாவும் போகலாம்"னான்.

"நீ போடா, மூக்கொழுகி"ன்னா சிட்டு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் ரெண்டாவது. இது கட்டைவிரலால அமுக்கற பொத்தான். சின்னதுதான், கைக்கு அடக்கம். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, குடுகுடுன்னு ஓடுச்சு. மூணாவது சுத்துல கட்டைவிரல் வலிச்சுப் போச்சு. விட்டா கார் நிக்குது, அமுக்கினா குதிக்குது. நிக்குது, குதிக்குது. வளைவுல ஒரே குதி. டமால்!

ரெண்டு முடிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு தடவ. சிட்டு அழல. மூணாவத எடுன்னு டப்பாவக் காட்டினா.

"ம்."

அப்போ மூணாவது. குட்டித் துப்பாக்கி. பிடி மெலிசு, ஸ்பிரிங்கு பூ மாதிரி. வயர் நீளம், அதனால மேசையில சாயாம நிக்கலாம். விசைக்குப் பின்னாடி ஒரு ஓட்டை. டெஸ்மண்ட் அங்கிள் அண்ணன்காரனோட காதுல சொன்னார், "அந்த ஓட்டையில இந்தத் திருகாணியப் போட்டா விசை பாதிக்கு மேல அமுங்காது மேன். கார் பறக்கவே பறக்காது." கையில கொடுத்தார். பித்தளை. தோட்டுக்குப் பின்னாடி போடற திருகாணி மாதிரியே இருந்துச்சு.

அண்ணன்காரன் யோசிச்சான். அவ கேட்டா ஒத்துக்க மாட்டா. கேக்காம விட்டா தோத்துடுவா. அதனால அவ தண்ணி குடிக்கப் போனப்போ, கிறுகிறுகிறுன்னு மாட்டிட்டான். மாட்டிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டான். உள்ள நின்னு பாக்க அவனுக்குத் தெம்பில்ல. ரேஸ் முடிஞ்சு கூப்பிட்டப்புறம்தான் வந்தான். நடுவுல நடந்தது சிட்டு சொல்லிக் கேட்டது.

"ம்..."

கார் கிளம்புச்சு. ஸ்ஸ்ஸ்... நேர் ரோட்டுல ஸ்ஸ்ஸ், வளைவுல ஸ். ஒண்ணு, ரெண்டு, மூணு. பக்கத்துக் கோட்டுல ராபின் கார் விர்ர்ருன்னு தாண்டிப் போச்சு. சிட்டு திரும்பிக்கூடப் பாக்கல. ஆறு, ஏழு. ராபின் கார் டமால். எட்டு, ஒம்போது... பத்து!

டெஸ்மண்ட் அங்கிள் ரெண்டு பேர் கன்ட்ரோலரையும் தொட்டுப் பாத்தார். ராபினோடது சில்லுன்னு இருந்துச்சு. முழுசா அமுக்கி ஓட்டினா அப்படித்தான் இருக்கும். சிட்டோடது கதகதன்னு இருந்துச்சு. "பாதியில நிறுத்திப் பிடிச்சாத்தான் இது சூடாகும். பொறுமைக்காரி மேன் இவ"ன்னு சொல்லி, சாக்பீஸ் எடுத்துப் பலகையில பேர் எழுதினார்.

அன்னைலருந்து இன்னைவரைக்கும் அவ ஒரே பேச்சுதான். "எங்க நிறுத்தணும்னு என் விரலுக்குத் தெரிஞ்சுது." பரீட்சை எழுதப் போனப்போ சொன்னா, முதமுதல்ல ஸ்கூட்டி ஓட்டினப்போ சொன்னா. அண்ணன்காரன் தலைய ஆட்டுவான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு முள்ளு. விரல் தடுத்தாலும் சூடாகும், திருகாணி தடுத்தாலும் சூடாகும். அவளுக்கு ஒத்தாசை பண்ணினேனா, இல்ல அவ ஜெயிச்சத அவளுக்கே தெரியாம எடுத்துக்கிட்டேனா?

"ம்..."

இன்னும் ஒண்ணு இருக்கு. மறுநாள் அவங்கம்மா துணி துவைக்கும்போது, சிட்டோட கவுன் பையிலருந்து ஒண்ணு கல்லு மேல விழுந்துச்சு. டிங்! அம்மா பதறிப்போய் அவ காதப் பாத்தாங்க. "ரெண்டு தோடும் காதுலதான் இருக்கு. இது எந்தத் தோட்டுத் திருகாணிடி?" சிட்டு சிரிச்சுக்கிட்டே ஓடிட்டா. அண்ணன்காரன் அத வாங்கி வச்சுக்கிட்டான். கழட்டினது அவதான். ஆனா எப்போ கழட்டினா? ஓட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா? அதக் கேக்க அவனுக்கு இத்தன வருஷமா வாய் வரல. வேற பதில் வந்துட்டா என்ன பண்றது?

ம் சொல்லு கண்ணு.

இனியா?

தூங்கிட்டா. பத்து சுத்தும் ஆச்சு, காரும் நின்னாச்சு. கதைக்கு இனி ரோடு இல்ல, கண்ணுக்கு இனி வேலை இல்ல. தூங்கு சாமி.

சுகந்தி, இஸ்திரிப் பெட்டிய வச்சுட்டு இங்க வா. மெதுவா. உன் பொண்ணு கதை முழுசும் கேக்கல. நீ கதவுக்கு அந்தப்பக்கம் நின்னு கேட்டது எனக்குத் தெரியும். திட்டறதுன்னா அப்புறம் திட்டு. ஒத்தாசை ஏதும் வேண்டாம்னு நீ சொல்லியும், காலையில இவளுக்கு நான் வாங்கின கன்ட்ரோலர்ல அந்தப் பழைய திருகாணிய மாட்டிட்டேன். பயம். புத்தி மாறல. இப்போ நீ சொன்னா கழட்டிடறேன்னு எடுக்கப் பாத்தா...

இங்க பாரு. ஓட்டை காலி.

அது என்ன சத்தம்? டிங்னு. இவ கை விரிஞ்சுடுச்சு பாரு, கட்டிலுக்கடியில உருளுது. ரேஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள கழட்டிக் கைக்குள்ள வச்சுக்கிட்டுப் படுத்திருக்கா, திருட்டுக் குட்டி.

சிரிக்காத சுகந்தி. சொல்லு. நீயும் முன்னாடியே கழட்டிட்டுத்தான் ஓட்டினியா?