கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்து

தேரோட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள். படம் அச்சகத்துக்குப் போக இன்னும் இரண்டே மணி நேரம். அந்த மத்தியானத்தில்தான் குணாளனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தேவமங்கலத்துத் தெருக்களை, வீடும் கடையும் கோபுரமும் எழுந்து நிற்கிற மாதிரி முப்பரிமாணப் படமாக்க வேண்டும். தேரன்று வெளியூரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கையில் கொடுக்கிற படம். மூன்று மென்பொருள்களோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டினார். மூன்றிலும் ஒவ்வொரு படம் தயாராக இருந்தது. எதை அனுப்புவது?

குருவிடம் போனார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். தமயந்திக்கு முப்பத்து மூன்று வயது. குணாளனுக்கு ஐம்பத்திரண்டு, இருபத்தைந்து வருஷம் கட்டட வரைபடம் போட்டவர். வயதில் அவர் அண்ணன். கம்ப்யூட்டரில் படம் போடும் வித்தையில் அவள் டீச்சர்.

“டீச்சர், எந்த மென்பொருள்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. தலை வெடிக்குது.”

“மூணையும் பிரிண்ட் எடுங்க அண்ணே. வாங்க.”

“எங்க? நேரம் இல்லையே!”

“அதான், நின்னு பேசாதீங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து மரியதாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர். தேர் வேலைக்காக அன்றுதான் வந்திருந்தார். தமயந்தி முதல் படத்தை ஸ்டியரிங் மேல் விரித்தாள்.

“வடக்கு வீதியில ஒருத்தர் விழுந்துட்டாரு. கிழக்கு வீதியைத் தேர் அடைச்சு நிக்குது. எப்படிக் கொண்டு வருவீங்க?”

மரியதாஸின் விரல் வடக்கு வீதியில் ஓடியது. கோபுரத்தில் முட்டி நின்றது.

இரண்டாவது படம். வெயில், நிழல், மரத்தில் இலைகூட இருந்தது.

“அடேயப்பா, கண்ணாடி போட்டு மாட்டலாம் போலிருக்கே!” என்றார். விரல் அதே கோபுரத்தில் நின்றது.

மூன்றாவது, ஒவ்வொன்றாகக் கையாலேயே வரைந்து வைக்கிற மென்பொருளில் செய்தது. வீடுகள் தீப்பெட்டி மாதிரி இருந்தன. விரல் அங்கேயும் நின்றது.

மரியதாஸ் டீயைக் கீழே வைத்தார்.

“போன வருஷமும் இங்கதாங்க நின்னேன். வழியில்லைன்னு வண்டியைத் திருப்பி, ஊரைச் சுத்தி வந்தேன். உள்ள ஒரு அம்மா. உயிர் தங்கிருச்சு. லேட்டானதுல வலது கைதான் விளங்காமப் போச்சு.”

“கோபுரத்துக்குப் பின்னாடி சந்து இருக்குங்க,” என்றார் குணாளன். “வண்டி போற சந்து.”

“எங்க? காட்டுங்க.”

குணாளன் குனிந்து தேடினார். மூன்று படத்திலும் தேடினார். அவர் அளந்து போட்ட சந்துதான். ஓங்கி நின்ற கோபுரம் அதை மறைத்துவிட்டதில் அவராலேயே காட்ட முடியவில்லை.

திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் மென்பொருளில் கோபுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். விட்டதும் தன் உயரத்துக்கே எழும்பிவிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் இழுத்தார். இழுத்த இடத்திலேயே நின்றது. கோபுரம் நாலு நிலையாகக் குறைந்ததும் அதற்கு மேல் சந்து எட்டிப் பார்த்தது.

அவ்வளவுதான், பதறிப்போய்க் கோபுரத்தை மறுபடி ஏழு நிலைக்கு ஏற்றிவிட்டார்.

அச்சகத்திலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.

“ஏழு நிலைக் கோபுரத்தை நாலு நிலை ஆக்கச் சொல்றீங்களா டீச்சர்?”

“நான் வாயே திறக்கலையே அண்ணே.”

“ஒரு அங்குலம் தப்பா போட்டதில்லை நான். இது பொய்ப் படம் ஆயிடாதா?”

போன் மறுபடி அடித்தது. தமயந்தி அதை எடுத்து, “அஞ்சு நிமிஷம்” என்று சொல்லி வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“கோபுரத்தைப் பார்க்க வர்றவங்க நிமிர்ந்து பார்ப்பாங்க அண்ணே. மரியதாஸ் வழி தேடிப் படத்தைக் குனிஞ்சுல்ல பார்க்கிறாரு.”