முயல் நனையவே இல்லை!

தாமரைக் குளத்தில் ஓட்டப்பன் என்றொரு ஆமை படகுக் கம்பெனி நடத்தி வந்தது. படகு என்று தனியாக எதுவும் கிடையாது. அதன் முதுகுதான் படகு! "நனையாமல் அக்கரை!" இதுதான் கம்பெனி கொடுத்த வாக்கு. அக்கரையில் நாவல் பழம் கொட்டிக் கிடந்தது. அதனால் எப்போதும் கூட்டம்தான்.

ஒரு நாள் முயல் ஏறி உட்கார்ந்தது. பாதிக் குளத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. ஆமைப் புத்தி சும்மா இருக்குமா? தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சட்டென்று முங்கிவிட்டது ஓட்டப்பன்! முதுகில் ஆள் இருப்பது தண்ணீருக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

முயல் பாவம், நல்ல மாதிரி. "காதுக்குள்ள தண்ணி போயிடுச்சு, அச்சூ!" என்று தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஓட்டப்பனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. 'ஐயையோ, விஷயம் வெளியே தெரிஞ்சா கம்பெனி பேரு என்னாகும்?' என்று, காட்டுக்கே சேதி சொல்லும் மைனாவிடம் ஓடியது. ஓட்டம் என்றால் ஆமை ஓட்டம்! போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"பேரைக் காப்பாத்தணும், அவ்வளவுதானே அண்ணே? என்கிட்ட விட்டுடுங்க!" என்றது மைனா.

பொழுது விடிந்ததும் மரத்துக்கு மரம் தாவிக் கத்தியது. "முயல் நனையவே இல்லை! முயல் நனையவே இல்லை!"

"எந்த முயல்?"

"எங்கே நனையல?"

காடே கிளம்பி முயலைப் பார்க்கப் போனது. முயலோ தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது!

"அது வியர்வை!" என்றது மைனா.

"வியர்வையா? உள்ளே மீன்குஞ்சு நீந்துது!" முயலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே குளக்கரைக்கு வந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடந்ததைச் சொல்லத் தொடங்கியது.

அவ்வளவுதான். படகேற ஈ காக்காய் இல்லை.

அந்த நேரம் பார்த்து அணில்களின் கல்யாணக் கூட்டம் அக்கரைக்குப் புறப்பட்டது. குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், கரையோரம் நின்று புதர் வழியாக ஆள் கூட்டிப் போகும் நரியிடம் போய் நின்றது.

"நரியண்ணன் வழியைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லையாம்!" என்றது மாப்பிள்ளை அணில்.

"வந்ததே இல்லை!" என்று சப்புக்கொட்டியது நரி.

ஓட்டப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புகார் சொல்ல யாராவது திரும்பி வந்தால்தானே!

"வாயைத் திறக்காதீங்க அண்ணே, கம்பெனி பேரு..." என்று இழுத்தது மைனா.

"பேரு கிடக்கட்டும், நீ சும்மா இரு!" என்ற ஓட்டப்பன் தொண்டை கிழியக் கத்தியது. "நில்லுங்க! முயல் நனைஞ்சது நிஜம்! பருந்துக்குப் பயந்து நான்தான் முங்கிட்டேன்! தப்பு என்னோடது! ஆனா என்னைத் திட்ட முயல் இதோ உயிரோட நிக்குது. நரியைத் திட்ட ஒருத்தராவது இருக்காங்களா?"

"ஆமா, உன்னைத் திட்ட நான் இருக்கேன்! இப்பவாவது ஒத்துக்கிட்டியே!" என்றது முயல்.

அணில்கள் ஒன்றையொன்று பார்த்தன. கல்யாணப் பெண்தான் முதலில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆமை முதுகில் ஏறியது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறியது. நரிக்கு அன்று பட்டினி!

அதற்கப்புறம் மைனாவுக்கு வேறு வேலை. ஆமை முதுகில் நின்று, பருந்து தூரத்தில் வரும்போதே கத்த வேண்டும். ஓட்டப்பன் நாணலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

செய்த தப்பைப் பூசி மெழுகுகிறவர் பேர் கெடும், ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்கிறவர் பேர்தான் நிலைக்கும்.