ககக, ம்ம்ம், தத்தா

“இந்தப் பிள்ளைங்களுக்கு ஃபோல்டர்னா என்னன்னு என்னால புரிய வைக்க முடியல டீச்சர். என்னை விட்டுருங்க.”

ஞானதுரை மார்க்கர் பேனாவை பரக்கத் டீச்சரின் மேஜைமேல் வைத்தார். துப்பாக்கியைத் திருப்பி ஒப்படைக்கிற மாதிரி, சத்தம் வராமல், நேராக வைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் இருக்கிறது அந்தக் கணினி மையம். நடத்துகிறவர் பரக்கத் டீச்சர். வயசில் ஞானதுரைக்கு மகளாக இருக்கலாம். ராணுவத்தில் ஸ்டோர் பார்த்து, ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த மனுஷர் அவரிடம்தான் கம்ப்யூட்டர் படித்தார். இப்போது அவரிடமே, புதுசாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பழகிக்கொண்டிருந்தார்.

“அப்படி என்ன சார் செய்யுதாங்க?”

“எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல கொட்டி வைக்காங்க. கல்யாண வீட்டு வாசல்ல செருப்பு கிடக்க மாதிரி.”

“அவங்கவங்க செருப்பு அவங்கவங்களுக்குத் தெரியும்ல?” டீச்சர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க. பேராவது ஒழுங்கா வைக்கணுமா இல்லியா? ‘புதுசு’ன்னு ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல ‘புதுசு புதுசு’. அந்த மூலை கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் பாத்தேன். ககக. ம்ம்ம். தத்தா. வரிசையா இப்படியே போகுது. கீபோர்டு மேல பூனை நடந்திருக்கு.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“அதான் சொல்லுதேனே. ககக, ம்ம்ம்…”

“அது வெளிய இருந்தது சார். உள்ள?”

“திறக்கல.”

“பொறவு?”

ஞானதுரை நெஞ்சை நிமிர்த்தினார். “அழிச்சிட்டேன். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி, ஒரேயடியா. இப்பந்தான் அந்த மெஷின் பளிச்சுன்னு இருக்கு. வந்து பாருங்க.”

டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“எப்போ?”

“சாயங்கால வகுப்புக்குக் கதவைத் திறந்த உடனே.”

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். என்னமோ ஏதோவென்று ஞானதுரையும் பின்னால் ஓடினார்.

மூலைக் கணினியின் முன்னால் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். பகலில் தையல், சாயங்காலம் இங்கே படிப்பு. திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மவுஸை அங்குமிங்கும் நகர்த்தித் தேடியது.

“மாரி, கைய எடு! எதையும் தொடாத!”

சொல்லிக்கொண்டே டீச்சர் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

சந்தனமாரி எழுந்தாள்.

“டீச்சர், என் ஓவியா எங்க?”

ஞானதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓவியா அவளுடைய மகள் என்று தெரியும். மூன்று வயசுப் பிள்ளை. ஒருநாள் மாடிப்படியில் பார்த்திருக்கிறார். இரண்டு காதிலும் சின்னதாக மெஷின் மாட்டியிருந்தது.

“பிள்ளைய இங்கயா கூட்டிட்டு வந்தே?” என்றார்.

“பிள்ள வீட்ல இருக்கு சார். அதோட சத்தமெல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சு.”

இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பெறந்ததுல இருந்து காது கேக்கல சார். மெஷின் மாட்டி விட்டுருக்காங்க. மாட்டுன பொறவு கேக்குதா கேக்கலியான்னு அதுக்குச் சொல்லத் தெரியல. வீட்ல என்னென்ன சத்தம் போடுதுன்னு அப்பப்போ போன்ல பிடிச்சுக் கொண்டாங்கன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. நாளைக்குத் திருநெல்வேலி போகணும். கேட்டுப் பாத்துட்டு, மெஷின் போதுமா, இல்ல தலையில ஆபரேஷன் பண்ணணுமான்னு நாளைக்குச் சொல்லுவாங்க.”

“போன்ல இருக்குமே?”

“போன் ரொம்பிப் போச்சு. இங்க ஏத்திட்டு, அதுல அழிச்சிட்டேன். நீங்கதான சார் அப்படிச் செய்யச் சொல்லிக் குடுத்தீங்க?”

ஞானதுரை மூலைக் கணினியைப் பார்த்தார்.

“அந்த… ககக?”

“அன்னைக்கு ககக-ன்னு சத்தம் போட்டுச்சு. ககக-ன்னு பேர் வெச்சேன். ம்ம்ம்-ன்னா ம்ம்ம். தத்தா-ன்ன அன்னைக்கு எங்க வீட்ல பாயாசம்.”

அவருக்குப் பின்னால் வெள்ளைப் பலகை இருந்தது. போன வாரம் அவர் கையாலேயே எழுதியது இன்னும் அழியாமல் கிடந்தது. ‘பெயரைப் படித்தால் உள்ளே இருப்பது தெரிய வேண்டும்.’

அதைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“நாந்தாம்மா அழிச்சேன்,” என்றார்.

சந்தனமாரி அவரைத் திட்டவில்லை. ஒரு சொல் திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“போயிருச்சா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

பரக்கத் டீச்சர் திருப்புளியை எடுத்துக் கணினிப் பெட்டியின் பக்கத்தைக் கழற்றினார். தூசியை ஊதினார். உள்ளே கையை விட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டியை உருவி எடுத்தார்.

“பிடிங்க சார்.”

ஞானதுரை இரண்டு கையாலும் வாங்கினார். இன்னும் சூடாக இருந்தது.

“இதுவா?”

“இதுதான் ஹார்ட் டிஸ்க். இத்தனை நாள் இங்க படிச்ச எல்லாரும் எழுதினது, வரைஞ்சது, பாடினது, எல்லாம் இதுக்குள்ளதான்.”

“நான் அழிச்சதும்?”

“நீங்க அழிக்கல சார். உங்களால அழிக்க முடியாது.”

“பாத்தேனே டீச்சர். மொத்தமா மறைஞ்சு போச்சு.”

“வாசல்ல மாட்டிருந்த பேர்ப்பலகையக் கழட்டிட்டீங்க. அவ்வளவுதான். உள்ள இருக்க ஆளு எங்கயும் போகல.”

“அப்போ ஏன் பிளக்கப் பிடுங்கினீங்க?”

“பலகை இல்லைன்னா வீடு காலின்னு மெஷின் நினைச்சுக்கும். வேற யாரையாவது கொண்டாந்து குடி வெச்சிரும். அந்தப் புது ஆளு உள்ள கால் வைக்கிற வரைக்கும், பழைய ஆளு அங்கயேதான் உக்காந்திருக்கும். யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு.”

ஞானதுரை கையில் இருந்ததைப் பார்த்தார். ஸ்டோரில் அவர் எத்தனையோ பூட்டுகளுக்குச் சாவி வைத்திருந்தவர். இப்படி ஒரு அறையை அவர் பார்த்ததில்லை. கதவு இல்லை, சாவி இல்லை, பெயரும் இல்லை. உள்ளே ஒரு பிள்ளை ககக என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கீழே விழுந்துவிடக் கூடாதே என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கினவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

டீச்சர் அந்தத் தகரப் பெட்டியை வேறொரு கணினியோடு இணைத்தார். அழிந்ததைத் தேடி எடுக்கிற ஒரு மென்பொருளை ஓடவிட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே பஸ்கள் ஹாரன் அடித்தன. யாருக்கும் கேட்கவில்லை.

கோடு முடிவுக்கு வந்ததும் திரை நிறையக் கோப்புகள் வந்து விழுந்தன.

“வந்துட்டு!” சந்தனமாரி கையைத் தட்டினாள். அப்புறம் கிட்டே குனிந்து பார்த்தாள். “இதுல எது டீச்சர் என்னோடது?”

ஒன்றிலும் பெயர் இல்லை. வெறும் எண்கள்தான். யார் யாரோ எப்போதோ அழித்த பாட்டும் பேச்சும் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்திருந்தன.

“பேர் திரும்பி வராது,” என்றார் டீச்சர். “ஆளுதான் வரும்.”

“பொறவு எப்படிக் கண்டுபிடிக்க?” என்றார் ஞானதுரை.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மாட்டினார். எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

ஞானதுரை உட்கார்ந்தார்.

முதல் கோப்பைத் திறந்தார். யாரோ ஆங்கிலப் பாடம் ஒப்பித்தார்கள். முழுசும் கேட்டார். அடுத்தது கோயில் மேளம். அதையும் முழுசும் கேட்டார்.

“மேளம்னு தெரிஞ்சிருச்சுல்ல சார், தள்ளிவிடுங்க,” என்றாள் சந்தனமாரி.

“இல்லம்மா. நடுவுல பிள்ள சத்தம் இருந்துட்டா?”

இன்னொன்றைத் திறந்தார். கொஞ்ச நேரம் கரகரவென்று இருந்தது. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

ககக.

சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானதுரை அதற்கு உடனே பெயர் எழுதினார். எழுதும்போது உதடு அசைந்தது.

ம்ம்ம் வந்தது. தத்தா வந்தது. அதைக் கேட்டு சந்தனமாரி சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஒவ்வொன்றையும் ஞானதுரை புது ஃபோல்டரில் வைத்தார். வைக்கிற முன்னால் ஒவ்வொரு தடவையும் திரும்பி, “சரியாம்மா?” என்று கேட்டார்.

அப்புறம் ஒன்று வந்தது.

டங். டங். டங். தட்டில் கரண்டியால் அடிக்கிற சத்தம். பிள்ளையின் குரலே இல்லை.

சந்தனமாரியின் முகம் சுருங்கிப் போனது.

“இது வேண்டாம் சார். அழிச்சிருங்க.”

“இது என்னதும்மா?”

“கதவுக்குப் பின்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. போன்ல ரெக்கார்டு போட்டுப் பிள்ள பக்கத்துல வெச்சிட்டு, உள்ள போய் நின்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல. வெளிய வந்து பாத்தா, அது பாட்டுக்குத் தட்டத் தட்டிக்கிட்டு இருக்கு. ‘ஒண்ணுமில்ல’ன்னு பேர் வெச்சுப் போட்டேன். பொறவு அதத் திறக்கவே இல்ல. திறக்க மனசு வரல.”

டீச்சர் ஞானதுரையைப் பார்த்தார்.

ஞானதுரையின் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“முழுசும் கேட்டுருவோம்மா,” என்றார்.

டங். டங். டங். டங்.

தூரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து, சந்தனமாரியின் குரல்.

“ஓவியா…”

பதில் இல்லை.

டங். டங். டங்.

“பாத்தீங்களா?” என்றாள் சந்தனமாரி. “நாந்தான் சொன்னேனே.”

“ஷ்!” ஞானதுரை கையைத் தூக்கினார்.

டங். டங். டங்.

“ஓவியா…”

பதில் இல்லை.

டங். டங்.

ஞானதுரை மெல்ல முன்னால் சாய்ந்தார். ஸ்பீக்கரில் காது படுகிற அளவுக்குச் சாய்ந்தார். கோப்பை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“கரண்டியக் கேளுங்கம்மா,” என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. “உங்க குரல விடுங்க. கரண்டிய மட்டும் கேளுங்க.”

டங். டங். டங். டங்.

“ஓவியா…”

கரண்டி நின்றது.

பிள்ளை மூச்சு விடுகிறது கேட்டது. அறைக்குள் ஒரு ஈ பறக்கிறது கேட்டது. கரண்டியைக் காணோம்.

பிறகு, மறுபடியும் டங். டங். டங்.

“ஓவியா…”

கரண்டி நின்றது.

சந்தனமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. பரக்கத் டீச்சரும் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர்தான் முதலில் தலையைத் தூக்கினார்.

“பென்டிரைவ்ல ஏத்தணும் சார். காலையில அவ பஸ் ஏறணும். இதுக்கு என்ன பேர் போடுதீங்க?”

ஞானதுரை விசைப்பலகைமேல் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

“பேரு கிடக்கட்டும் டீச்சர்,” என்றார். “இன்னொரு தடவை கேப்போம்.”